துளை தின்ற எண்

நான்காவது மாடி வந்தபோது வாலுக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"அத்தை, லிஃப்ட் கம்பெனிக்கு வந்து நாலு மாடி படியேறின முதல் ஆளுங்க நாமதான். கல்வெட்டுல பொறிக்கணும்."

"முதல்ல மூச்சை விடு. அப்புறம் பொறிக்கலாம்."

கீழே புது லிஃப்டின் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நான்கு மணிக்குத் திறப்பு விழா. கம்பெனி சொந்தமாக எழுதிய மென்பொருளில் ஓடப்போகும் முதல் லிஃப்ட் அது. அதுவரை ஓர் ஈ கூட அதில் ஏறக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. அப்போது மணி இரண்டு நாற்பது.

அத்தையைப் பற்றி இரண்டு வரி. இருபத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக இருந்தவள். சட்டைக் கைமடிப்பில், செருப்புக்கடியில், கடிகாரத்துக்குப் பின்னால் ஒளித்த பிட்டுகளையெல்லாம் உருவி எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்ததால் துப்பறிய வந்துவிட்டாள். வால் அவளுடைய அண்ணன் மகன், வயது முப்பத்திரண்டு. மூன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்து, மூன்றிலும் நாக்கு நீளம் என்ற ஒரே காரணத்துக்காக வழியனுப்பப்பட்டவன். ஊரே அவளை அத்தை என்றும் அவனை வால் என்றும்தான் கூப்பிடும்.

முதலாளி அறை வாசலிலேயே காத்திருந்தார். கோட்டுப் பையில் ஒரு பூ, கையில் ஒரு கோப்பு.

"மேடம், எங்க சோதனைப் பிரிவுல ஒரு பொண்ணு. நல்லாத்தான் வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. நேத்து சாயங்காலம் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து நீட்டி, லிஃப்ட் மென்பொருள்ல ஓட்டை இருக்கு, ஓட்டலாம்னு கையெழுத்துப் போட மாட்டேங்கறா. அது பொய்ப் பேப்பர். அவளே டைப் அடிச்சது. அதை மட்டும் நீங்க நிரூபிச்சுடுங்க. மூணே முக்காலுக்கு அவளை அனுப்பிட்டு, கையெழுத்தை நானே போட்டுடுவேன்."

"பொய்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஆறு மாசமா தினம் ஓட்டறோம். தினம் பச்சை. நூத்தி எண்பது பேப்பர் இருக்கு. இவ கையில மட்டும் சிவப்பு வருதாம்!"

அவருக்குப் பின்னால் நின்ற தாடிக்காரன் பலமாகத் தலையாட்டினான். மென்பொருளை எழுதிய தலைமைப் புரோகிராமர் அவன்தான். யார் என்ன கேட்டாலும் "எல்லாம் பச்சை" என்று பதில் சொல்வதால் ஆபீஸில் அவனுக்குப் பச்சை என்றே பெயர்.

"பொறாமை மேடம்" என்றான் பச்சை. "ப்ரமோஷன் எனக்கு வந்துடுச்சு. அதான் விழாவைக் கெடுக்கப் பார்க்கறா."

அந்தப் பெண் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜை காலியாக இருந்தது. ஓர் அட்டைப் பெட்டியில் தண்ணீர் பாட்டிலும், ஒரு சின்னச் செடியும், கழற்றிய ஸ்வெட்டரும் இருந்தன. அழுது முடித்து, முகம் கழுவி, கோபத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"காலைல பதினோரு பேரைக் கூட்டி வெச்சு என்னைப் பொய்க்காரின்னு சொன்னாரு" என்றாள் அத்தையிடம். "இந்தத் தொழில்ல நாலு கம்பெனிதான் இருக்கு. சோதனை பண்றவ பேப்பரைத் திருத்தினான்னு பேர் வந்துட்டா எவனும் வாசப்படி ஏத்த மாட்டான். பேர் போனா போச்சுன்னு விட்டுடலாம். ஆனா அந்த லிஃப்டுல நாலு மணிக்கு ஜனங்க ஏறப்போறாங்க."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பரீட்சை தெரியும். அந்தப் பாஷைல சொல்லும்மா."

"பரீட்சையேதான் மேடம். இதை ஸ்பெக்னு சொல்வோம். லிஃப்ட் எப்படி நடந்துக்கணும்னு நானூத்திப் பன்னெண்டு விதி, வாக்கியம் வாக்கியமா எழுதியிருக்கோம். சும்மா படிக்கறதுக்கு இல்ல. கட்டளை கொடுத்தா மெஷின் ஒவ்வொரு விதியையும் மென்பொருள் மேல ஓட்டிப் பார்க்கும். சரியா நடந்தா பச்சை, தப்பா நடந்தா சிவப்பு. நேத்து என் லேப்டாப்புல ஒரே ஒரு தடவை ஒரு விதி சிவப்பாச்சு. அப்படியே பிரிண்ட் எடுத்தேன். மறுபடி நாலு தடவை ஓட்டினேன், பச்சை. அதுக்குள்ள லேப்டாப்பைப் பிடுங்கிட்டாங்க."

"ஒரே கேள்விக்கு ஒரு தடவை தப்பு, நாலு தடவை ரைட்டா? அது எப்படி?"

"வரிசைதான் காரணமா இருக்கணும். ஒவ்வொரு தடவையும் விதிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டுத்தான் ஓட்டும். எப்படிக் கலைச்சதுன்னு கடைசி வரில ஒரு நம்பர் வரும். அந்த நம்பரைக் கொடுத்தா அதே வரிசை திரும்ப வரும். என் பேப்பர்லயும் நம்பர் இருந்துச்சு. பேப்பரைக் கொடுங்கன்னு கேட்டேன். சாட்சியத்தைத் தொடாதேன்னுட்டாரு சார்."

வால் நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஸீட் நம்பர் அத்தை. கட்டளைக்குப் பின்னாடி ரெண்டு கோடு போட்டு 'ஸீட்'னு அடிச்சு நம்பரைக் கொடுத்தா போதும். பொண்ணு சொல்றது பொய்யா நிஜமான்னு நாலு நிமிஷத்துல தெரிஞ்சுடும். கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லலாமா?"

"சொல்லாதே" என்றாள் அத்தை. முதலாளியின் கோப்பை வாங்கிப் பிரித்திருந்தாள். "நம்பர்ல ஒரு இலக்கம் காணோம்."

முதலாளிக்குச் சாட்சியம் பத்திரமாக இருக்கவேண்டும் என்ற கவலை அதிகம். கோப்பில் போடும் அவசரத்தில் தாளைத் தலைகீழாகத் துளை போட்டிருந்தார். கீழ் ஓரத்தில் இரண்டு வட்டம். ஒரு வட்டம் கடைசி வரியின் மேலேயே விழுந்திருந்தது. முப்பத்தொன்று, ஒரு துளை, பூஜ்யம், ஏழு.

"சாட்சியைக் கொல்லக் கூடாதுன்னு நினைச்சு நடு மண்டையில சுட்டுட்டாரு" என்றான் வால்.

"பத்து இலக்கம்தானே?" என்றாள் பெண். "பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம்."

"ஒரு ஓட்டத்துக்கு நாலு நிமிஷம். பத்துக்கு நாப்பது" என்றான் பச்சை. குரலில் சந்தோஷம் தெரிந்தது. "இப்பவே மணி மூணு பத்து."

அத்தை கோப்பில் இருந்த நூற்றெண்பது பச்சைத் தாள்களைக் கட்டை விரலால் படபடவென்று புரட்டினாள். இரண்டாம் தடவை மெதுவாகப் புரட்டினாள். பிறகு முதலாளியின் அறைக்குப் போய், மேஜையிலிருந்த பஞ்சிங் மெஷினைத் தூக்கிவந்து, அதன் அடித்தட்டைக் கழற்றி, அந்தப் பெண்ணின் காலி மேஜை மேல் கவிழ்த்தாள். இருநூறு முந்நூறு காகிதப் பொட்டுகள் சிதறின.

"அத்தை, குப்பை கொட்டவா கூப்பிட்டாங்க நம்மளை?"

"தாளுக்கு ஓரத்துலதான்டா துளை போடுவாங்க. ஓரத்துல என்ன எழுதியிருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"அப்ப இதுல மை பட்ட பொட்டு எத்தனை இருக்கும்?"

வால் வாயை மூடினான். மூடியதை அத்தை ரசித்தாள். நான்கு பேரும் மேஜை மேல் குனிந்தார்கள். பச்சை மட்டும் கைகட்டி நின்றான். வெள்ளை, வெள்ளை, எல்லாம் வெள்ளை. ஏழு நிமிடம் கழித்து, அந்தப் பெண்ணின் நகத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டு எழுந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஓர் எண்.

"ஆறு!" என்றாள் அவள்.

"ஒன்பது" என்றார் எதிரே நின்ற முதலாளி.

வட்டப் பொட்டுக்குத் தலை ஏது, கால் ஏது? வால் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். "பத்துல ரெண்டு. எங்க கணக்கு வாத்தியார் எனக்குப் போட்ட மார்க்கும் அதேதான்."

அலுவலகத்தின் பொதுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்தான். கட்டளை, இரட்டைக் கோடு, ஸீட், நடுவில் ஆறு. திரையில் பச்சைப் புள்ளிகள் பூரான் போல ஊர்ந்தன. நூறு, இருநூறு, முந்நூறு. நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

பச்சை கைதட்டினான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு கவரை வெளியே எடுத்தார். கவரில் என்ன இருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றாள் அத்தை. "கவரை உள்ள வைங்க. வியர்வையில ஈரமாகுது."

இந்த முறை நடுவில் ஒன்பது. பச்சைப் புள்ளிகள் மறுபடி புறப்பட்டன. முந்நூறு தாண்டியது. முந்நூற்றைம்பது. வாலே பேச்சை நிறுத்திவிட்டான். முந்நூற்றெழுபத்தொன்றாவது இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரே ஒரு புள்ளி விழுந்தது.

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கோப்பில் இருந்த அவளுடைய தாளும் திரையில் வந்த வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: இரு தளங்களுக்கு நடுவே நின்றால் கதவு திறக்கக் கூடாது. எதிர்பார்த்தது, மூடிய கதவு. கிடைத்தது, திறந்த கதவு.

பச்சைக்குத் தாடிக்குள்ளேயே முகம் சுருங்கியது. ஆனால் சமாளித்தான். "வரிசை மாறினா சிவப்பு வருதுன்னா, அது சோதனையோட கோளாறு. லிஃப்ட் தங்கம்."

"தங்கமான்னு உரசிப் பார்த்துடலாம்" என்றாள் பெண். வாலை எழுப்பிவிட்டு அவளே உட்கார்ந்து, அதே கட்டளையின் முடிவில் இன்னொரு இரட்டைக் கோடு போட்டு 'பைசெக்ட்' என்று அடித்தாள். "இதுக்கு முன்னாடி ஓடின முந்நூத்தி எழுபதுல எது இதைக் கெடுக்குதுன்னு மெஷினே தேடும். பாதியை விலக்கிட்டு ஓட்டும். அப்புறம் மிச்சத்துல பாதி. முழுசா ஓடாததால சீக்கிரம் முடிஞ்சுடும்."

"சந்தேகப்பட்ட பையன்களைப் பாதிப் பாதியா வெளிய அனுப்பறது" என்றாள் அத்தை. "நானும் செஞ்சிருக்கேன்."

மூன்று முப்பத்தைந்துக்குத் திரையில் இரண்டே விதிகள் மிஞ்சின. சிவப்பான விதி ஒன்று. அதற்கு நேர் முன்னால் ஓடியது இன்னொன்று: தீ எச்சரிக்கை ஒலித்தால் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "புரிஞ்சுடுச்சு! எச்சரிக்கை நின்ன பிறகும் கதவைத் திறங்கற உத்தரவை இது மறக்கல. கிளம்பும்போது மூடிக்கும். அடுத்து எங்க நிக்குதோ, அங்க திறந்துட்டுத்தான் மறக்கும். மாடில நின்னா யாருக்கும் தெரியாது. நடுவுல நின்னா?"

பச்சை திரையைப் பார்த்தான். தன் புரோகிராமைத் திறந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஆமா" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை அது.

"அதெல்லாம் ஆயிரத்துல ஒரு தடவை நடக்கறது" என்றார் முதலாளி. "தீ எச்சரிக்கை அடிச்ச கையோட லிஃப்ட் நடு வழில நிக்கணும். யார் வாழ்க்கைல அப்படி நடக்கும்?"

அத்தை மேஜையில் கிடந்த விழா அழைப்பிதழை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

"நான்கு மணி, தீ எச்சரிக்கை ஒத்திகை. நான்கு பத்து, முதலாளியின் மாமியார் ரிப்பன் வெட்டி லிஃப்டில் ஏறுகிறார். நான்கு பன்னிரண்டு, லிஃப்டை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நிறுத்தி, அவசர போனில் அவர் விருந்தினர்களோடு பேசுகிறார்."

முதலாளியின் கோட்டுப் பையில் இருந்த பூ மேலும் கீழும் ஆடியது.

"சார்" என்றான் வால் மெதுவாக. "கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. மாமியார் மேல ஏதாவது மனஸ்தாபமா?"

"இவன்தான்!" முதலாளி பச்சையின் மேல் பாய்ந்தார். "தப்பை எழுதினதும் இல்லாம ஆறு மாசமா மறைச்சிருக்கான்! மேடம், இவனைப் பிடிங்க!"

"நான் மறைக்கலே சார்! தினம் பொது மெஷின்லதான் ஓட்டினேன். தினம் பச்சைதான் வந்துச்சு!"

"பச்சைதான் வரும்" என்றாள் அத்தை. நூற்றெண்பது தாள்களையும் எடுத்து அவர்கள் முன்னால் விசிறினாள். "ஒரு ஹால்ல நாப்பது பையன்க கேள்விகளை ஒரே வரிசைல எழுதியிருந்தா நான் என்ன செய்வேன்? எல்லாரையும் எழுப்பி நிறுத்துவேன். இங்க நூத்தி எண்பது நாளும் ஒரே வரிசை. தரைத்தளம், ஒண்ணாவது மாடி, ரெண்டாவது மாடி. கடைசி வரில நம்பரே இல்ல. இந்த மெஷின் ஆறு மாசமா சீட்டைக் கலைக்கவே இல்ல. தீ விதி ஒரு மூலைல, நடுவழி விதி இன்னொரு மூலைல. ரெண்டும் சந்திச்சாத்தானே சண்டை?"

"இப்ப நாம ஓட்டினப்போ கலைஞ்சுதே?" என்றார் முதலாளி.

"நாம வாய்விட்டு நம்பர் கொடுத்தோம் சார்" என்றான் வால். "கட்டளைல நேரா சொன்னா, மத்தவன் முன்னாடியே எழுதி வெச்சது செல்லாது. ஒண்ணும் சொல்லாம ஓட்டினா, எழுதி வெச்சதுதான் செல்லும். அப்படின்னா எழுதி வெச்ச பிட்டு ஒண்ணு இங்க இருக்கணும். அத்தை, கைமடிப்பை உருவட்டுமா?"

"உருவு."

"பைல் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சா பட்டியல்ல தெரியாது. ஒளிஞ்சிருக்கறதையும் காட்டுன்னு தனியா கேட்கணும்." கேட்டான். பட்டியலின் உச்சியில் புள்ளி வைத்த ஒரு பைல் தலையை நீட்டியது. திறந்தால் உள்ளே ஒரே வரி. வந்த வரிசையிலேயே ஓட்டு, கலைக்காதே. "ஆறு மாசத்துக்கு முன்னாடி எழுதினது. யார் பேர்ல எழுதினதுன்னும் போட்டிருக்கு."

பச்சை கண்ணை மூடிக்கொண்டான்.

வால் படித்தான். நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். "'பாஸ்'னு இருக்கு. இந்த ஆபீஸ்ல பாஸ் எத்தனை பேரு?"

முதலாளி தன் கோட்டுப் பூவைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கறதுக்கு வெளியூர் பார்ட்டி வந்திருந்தாங்க" என்றார். "விதிகளை நான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ஓட்டினா முதல்ல மொட்டை மாடி வருது, அப்புறம் பேஸ்மென்ட் வருது. கதையைக் கடைசிலேருந்து படிக்கற மாதிரி அசிங்கமா இருந்துச்சு. வரிசையா வர என்ன செய்யணும்னு இவனைக் கேட்டேன். இந்த ஒரு வரியைச் சொன்னான். நானே டைப் அடிச்சேன். முதல் தடவையா நானே அடிச்ச கட்டளை மேடம். வீட்டுல கூடச் சொன்னேன்."

"எடுத்துடுவீங்கன்னு நினைச்சேன் சார்" என்றான் பச்சை. "அப்புறம் தினம் பச்சையா வந்ததும் நானும் மறந்துட்டேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். இவர் அந்த ஓணானுக்கு முன்பணமும் கொடுத்து நான்கு மாடி ஏற்றியிருந்தார்.

மணி மூன்று ஐம்பது. கீழே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. முதலாளி கையிலிருந்த கவரை நான்காகக் கிழித்தார். பெண்ணின் அட்டைப் பெட்டியை அவரே தூக்கி, செடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உன் வேலை உனக்குத்தான்மா. ப்ரமோஷனும் உனக்குத்தான். நடந்ததை மறந்துடு. கீழ போயி கரண்ட் கோளாறுன்னு ஏதாவது சொல்லி விழாவைத் தள்ளி வெச்சுடறேன்."

பெண் செடியை எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

"வேலை இருக்கட்டும் சார். பதினோரு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்க. அந்தப் பதினோரு பேரும் இப்ப கீழதான் நிக்கறாங்க. கரண்ட் கோளாறுன்னு சொன்னீங்கன்னா, நான் பொய்க்காரியாவே வீட்டுக்குப் போவேன்."

முதலாளி அத்தையைப் பார்த்தார். அத்தை ஜன்னலைப் பார்த்தாள். வாலைப் பார்த்தார். வால் படிக்கட்டைக் கை காட்டினான்.

நான்கு மாடியும் படிகளில் இறங்கினார்கள். முன்னால் முதலாளி, பின்னால் பெட்டியோடு அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பட்டுப் புடவையோடு, கையில் கத்தரிக்கோலோடு மாமியார். முதலாளி மைக்கைப் பிடித்தார். மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு லிஃப்ட் ஓடாது. அதுல ஆபத்தான ஒரு தப்பு இருக்கு. எங்க சோதனைப் பிரிவுப் பொண்ணு அதை நேத்தே கண்டுபிடிச்சா." இங்கே அவர் குரல் மைக்கை விட்டு விலகிக் கோட்டுக்குள் போய்விட்டது. "நான்தான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். தப்பு என்னோடது."

முன்வரிசையில் கத்தரிக்கோல் ஒருமுறை திறந்து மூடியது.

"மாப்பிள்ளை" என்றார் மாமியார். "கடைசி வரி காதுல விழல. மைக்கைக் கிட்ட வெச்சு இன்னொரு தடவை சொல்லுங்க."

முதலாளி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். மைக்கை வாயருகே கொண்டுபோய், வாசல் காவலாளிக்கும் கேட்கிற மாதிரி, முழுவதையும் மறுபடி சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாள் அவள். முடிந்த பிறகுதான் அதைத் தரையில் இறக்கி வைத்தாள்.